போட்டோ சட்டத்தில் மூலை வெட்டு: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, மூன்று மூலை கச்சிதமாகச் சேருது, நாலாவது மட்டும் வாயைப் பிளக்குது. ஏன்?

நாலாவது மூலை ஒரு தப்பும் செய்யவில்லை. நாலு துண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு முனை, ஆக 45 டிகிரியில் மொத்தம் எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் அரை டிகிரி ஒரே பக்கமாகப் பிசகினால் 4 டிகிரி ஆகிவிடும், அது முழுக்கக் கடைசியாகச் சேர்க்கிற மூலையில்தான் தெரியும். ரம்ப மெஷினில் போட்டிருக்கும் 45 டிகிரிக் கோட்டை நம்பாதீர்கள். கழிவுத் துண்டு இரண்டை வெட்டிச் சேர்த்து, மூலைமட்டத்தில் (90 டிகிரி பார்க்கிற கருவி) வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

கோணம் சரிதான் சார், மட்டம் வைத்துப் பார்த்தாச்சு. அப்பவும் இடைவெளி.

அப்படியென்றால் நீளம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான், ஆனால் எல்லோரும் கோணத்தையே திட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் ஒரே நீளம் இல்லாவிட்டால் கோணம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் மூலை சேராது. டேப் வைத்து ஒவ்வொன்றாகக் குறித்து வெட்டாமல், ஒரு கட்டையைத் தடுப்பாக இறுக்கிவிட்டு இரண்டையும் அதில் முட்டவைத்து வெட்டுங்கள். பிறகு முதுகோடு முதுகு சேர்த்து நுனியை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் நீளம் வேறு. வெட்டும்போது சட்டத் துண்டு நழுவுகிறதா, அது சாய்கிற பலகையில் உப்புத்தாள் ஒட்டுங்கள்.

10க்கு 8 இன்ச் படம், ஓர் இன்ச் அகலச் சட்டம். எவ்வளவு மரம் வாங்க?

கண்ணாடி உட்காரும் காடி, அதாவது சட்டத்தின் உள்விளிம்புப் பள்ளம், கால் இன்ச் என்றால், படத்தின் அளவோடு ஒன்றரை இன்ச் கூட்டுங்கள், கண்ணாடி இறுகாமல் இருக்க அரைக்கால் இன்ச் சேருங்கள். வெளிநுனியிலிருந்து வெளிநுனிவரை 11⅝, 9⅝. நான்கும் சேர்ந்து 42½ இன்ச், ரம்பம் தின்பதையும் சேர்த்து 4 அடி போதும்.

என்னிடம் கைரம்பமும், ரம்பத்தை 45 டிகிரியில் பிடிக்கிற மைட்டர் பெட்டியும்தான்.

தாராளமாகப் போதும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, மீதியை இழைப்புளியில் சீவி எடுங்கள். ஆனால் பிளேடு நல்ல கூராக இருக்கணும், இது குறுக்குவெட்டு முகம், மொண்ணை பிளேடு பிய்த்து வைத்துவிடும்.

ஐப்பசி மழையில் ஒட்டினேன், பங்குனியில் உள்மூலை விரிந்துவிட்டது.

மரம் காய்ந்தால் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் வெட்டின கோணமே மாறி உள்பக்கம் திறக்கும். ஈரம் ஏறினால் வெளிப்பக்கம். சட்டம் அகலமாக இருந்தால் இன்னும் மோசம். நன்றாகக் காய்ந்த மரம் வாங்குங்கள். வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும், அதனால் முதலில் மெல்லிசாக ஒரு கை பூசி, சில நிமிடம் விட்டு மறுபடி பூசி இறுக்குங்கள். அப்புறம் மூலைக்குக் குறுக்கே ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு மெல்லிய மரச்சில்லு செருகினால் பசையை மட்டும் நம்ப வேண்டியிருக்காது.

ஒட்டி முடிச்சாச்சு அண்ணா, வெளிமுனையில் மயிரிழை இடைவெளி. பிரிக்கணுமா?

வேண்டாம். ஸ்க்ரூடிரைவரின் உருண்டைத் தண்டால் இரண்டு பக்கமிருந்தும் முனையை அழுத்தித் தேயுங்கள், நார் மடங்கி மூடிக்கொள்ளும். கூடவே அதே மரத்தூள் கொஞ்சம் பசையோடு.