நியூயார்க் மொண்டாக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் படகுகளின் வரலாறு என்ன?

மொண்டாக் இருப்பது லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில். கோடையில் அங்கே இந்தப் படகுகளில் போகிறவன் நான். தூண்டிலும் இரையும் அவர்களே தருவார்கள். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உரசி ஓரக் கம்பியில் நிற்போம். பக்கத்து ஆளின் தூண்டில் நரம்பு நம்முடையதோடு சிக்காமல் இருக்காது.

இதை வளர்த்துவிட்டது ரயில்தான். 1930-களில் லாங் ஐலண்ட் ரயில்ரோடு, 'ஃபிஷர்மென்ஸ் ஸ்பெஷல்' என்று தனி ரயிலே விட்டது. சொந்தப் படகுக்கு வழியில்லாத நகரத்துத் தொழிலாளிகள் விடியும் முன்பே கிளம்பி வருவார்கள். ஃபோர்ட் பாண்ட் விரிகுடா பக்கம் ரயில் நின்றதும் படகுகளைப் பார்த்து ஒரே ஓட்டம். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுவது போலத்தான்.

1951 செப்டம்பர் 1, அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதி. அப்படி ஓடிவந்தவர்களில் 62 பேர் 'பெலிகன்' என்ற படகில் ஏறிவிட்டார்கள். கேப்டனும் உதவியாளரும் சேர்த்து 64 பேர். படகின் நீளம் வெறும் 42 அடி! திரும்பும் வழியில் ஓர் எஞ்சின் மக்கர் செய்தது, வடகிழக்குக் காற்றும் ஏறியது. மொண்டாக் முனைக்கு அருகே அலை பக்கவாட்டில் அடித்துப் படகு கவிழ்ந்தது. கேப்டன் உட்பட 45 பேர் இறந்தார்கள்.

பேராசை என்று கேப்டனை மட்டும் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தலைக்கு இவ்வளவு என்கிற தொழிலில் ஏறுகிறவரை யார்தான் இறக்கிவிடுவார்? தடுக்கச் சட்டமும் இல்லை. 1956-ல்தான் அது வந்தது: ஆறு பேருக்கு மேல் காசு வாங்கி ஏற்றும் படகு என்றால் கடலோரக் காவல்படை சோதித்து, இத்தனை பேர்தான் என்று சான்றிதழ் தரவேண்டும். அந்தக் காகிதம் இன்றும் படகில் மாட்டியிருக்கும். ஒரு குழுவே மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் சின்ன சார்ட்டர் படகுகள் ஆறு பேரோடு நிறுத்திக்கொள்வதும் இதனால்தான்.

இன்று பெரிய படகுகள் என்றால் ஃபோர்ஸ்பெர்க் குடும்பத்தின் 'வைக்கிங்' படகுகள். லாங் ஐலண்டிலேயே உள்ள ஃப்ரீபோர்ட்டில் 1936-ல் தொடங்கி, 1951-ல் மொண்டாக் வந்தவர்கள். இப்போது படகுகள் கிளம்புவது லேக் மொண்டாக்கிலிருந்து. ஒருகாலத்தில் நன்னீர் ஏரியாக இருந்ததை 1920-களில் கடலோடு வெட்டி இணைத்துவிட்டார்கள்.

போவதானால் அரை நாள் பயணம் எடுங்கள். முன்கூட்டியே போனால் பின்பக்க மூலையில் இடம் கிடைக்கும். மீனை வெட்டித்தரும் பையனுக்கு டிப்ஸ் கொடுக்க மறக்காதீர்கள்.