வெளிநாடு போய்க் குழந்தையைத் தத்தெடுத்து வர முடியுமா? வந்த பிறகு முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

கேட்டவர் பெருந்துறைப் பக்கத்துக்காரர். கல்யாணமாகிப் பல வருடம், வைத்தியம் பார்த்துச் சலித்துவிட்டது என்கிறார். இங்கே பதிவு செய்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம், வெளிநாடு போனால் சீக்கிரம் கிடைக்குமா, குழந்தை நம்மோடு ஒட்டுமா, நம்ம பக்கத்துச் சொந்தபந்தம் ஏற்றுக்கொள்ளுமா என்று மூன்று கேள்வி வைத்திருக்கிறார். நான் அவிநாசிக்காரி. மகளை ஒடிசாவிலிருந்து தத்தெடுத்து வந்தவள். கடல் தாண்டவில்லை, ஆனால் மொழி தெரியாத ஊருக்குப் போய் ஒரு குழந்தையை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

முதலில் வெளிநாடு. சட்டத்தில் வழி இருக்கிறது. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்தால், அந்த நாட்டுச் சட்டப்படி எல்லாவற்றையும் அங்கேயே முடிக்க வேண்டும். இங்கே 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். குழந்தையிடம் இருப்பது அந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதால், நம் தூதரகத்தில் விசா வாங்கித்தான் உள்ளே கூட்டி வர முடியும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்காக 1993-இல் உருவான ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றுக்கொண்டது. அதன் அடிப்படையே, ஒரு குழந்தைக்குச் சொந்த நாட்டில் குடும்பம் கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்பது. எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டவருக்குத் தத்துக் கொடுப்பதை நிறுத்தியது, சீனா 2024-இல் நிறுத்தியது. கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காக வெளிநாட்டை நினைக்கிறீர்கள் என்றால், வேண்டாம். சீக்கிரமும் கிடைக்காது, செலவும் தாங்காது.

குறுக்குவழி காட்ட நம்ம ஊரிலேயே ஆள் வருவார்கள். எங்களிடமும் வந்தார்கள். "ஆஸ்பத்திரியில ஒரு புள்ள இருக்குதுங்க, சர்ட்டிபிகேட்டோட வாங்கித் தர்றோம்" என்றார் ஒருவர். 2019-இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியே வந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது நினைவிருக்கும். காசு கொடுத்து வாங்குவது குற்றம் என்பது ஒருபுறம். பெற்றவள் மனமொப்பித்தான் கொடுத்தாளா என்று அந்தக் குழந்தை நாளைக்குக் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. சட்ட வழியில், பெற்றவர்கள் தாங்களே ஒப்படைத்தால்கூட மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்த பிறகுதான் குழந்தை தத்துக்குத் தகுதியாகும். அந்த இரண்டு மாதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கோ ஒரு தாய்க்குக் கொடுத்த மரியாதை அது.

எங்கள் வழி, தத்தெடுக்க விரும்புகிறவர்கள் பதிவு செய்யும் காராவின் 'கேரிங்ஸ்' இணையதளம். ஆதார், பான், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் ஏற்ற வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் தம்பதியர் வயதைக் கூட்டி 85-க்குள் வர வேண்டும். வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் நாளைக்கே பதிவு செய்யுங்கள், யோசனையைக் காத்திருக்கும் காலத்தில் வைத்துக்கொள்ளலாம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவார். வீடு எவ்வளவு பெரிது என்று பார்க்க வருவதாக எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்களிடம் அவர் அதிகம் கேட்டது, பிள்ளை இல்லாத வருத்தத்தை நாங்கள் இருவரும் எப்படிக் கடந்தோம் என்றுதான். மாமனார் மாமியாரிடம் தனியாகப் பேசினார். மாநிலம் கேட்கும் இடத்தில் எந்த மாநிலமானாலும் சரி என்று கொடுத்தோம். பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மூன்று வருடத்துக்கு மேல் ஆகலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் டாக்டரைத் தேடி அலையக் கூடாது. முன்கூட்டியே ஒரு குழந்தை மருத்துவரிடம் பேசி வையுங்கள். எங்கள் டாக்டர் எடை, தலைச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, இல்லத்தில் வளரும் பிள்ளைகள் உட்காருவதும் தவழ்வதும் கொஞ்சம் தாமதமாகத்தான் இருக்கும், தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இருந்தால் எட்டிப் பிடித்துவிடும் என்றார். நேரில் போய்ப் பார்த்து, வேண்டுமானால் மறுபடி பரிசோதித்து, அதற்குப் பிறகு கையெழுத்திடலாம். அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு.

மேற்கு ஒடிசாவில் ஒரு ஊர். எந்த ஊர் என்பது மகளுக்குச் சொந்தமான தகவல், இங்கே எழுத மாட்டேன். திருப்பூரிலிருந்து தன்பாத் எக்ஸ்பிரசில் போனோம். நம்ம பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் வந்து இறங்குகிற அதே வண்டி. வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறார். அங்கே தைக்கிற தம்பியின் மனைவி கிளம்புவதற்கு முன்னால் எங்களை உட்கார வைத்து, வா, தண்ணீர், சோறு, தூங்கு, வலிக்குதா என்பதற்கெல்லாம் ஒடியா வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பத்து மாதக் குழந்தைக்கு மொழி எங்கே தெரியும் என்று நினைக்காதீர்கள். பேச வராதே தவிர, எந்தச் சத்தம் தன்னுடையது என்று நன்றாகத் தெரியும்.

இல்லத்தில் அவளை வளர்த்த ஆயா, குளிப்பாட்டி, கடுகெண்ணெய் தேய்த்து, நெற்றியோரம் மை வைத்துத் தூக்கி வந்தார். என் கையில் வந்ததும் குழந்தை அழவில்லை. ஆயா இருந்த பக்கமே உடம்பைத் திருப்பி, இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டிக்கொண்டே இருந்தது. அந்தம்மா சிரித்துக்கொண்டே நின்றார், கண் மட்டும் நிற்கவில்லை. நாங்கள் அம்மா அப்பா ஆகிற நேரத்தில், அந்தக் குழந்தை தனக்குத் தெரிந்த ஒரே அம்மாவை விட்டுப் பிரிகிறது. எனக்குத் தெரிந்து தத்தெடுப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இதுதான். நான் சொல்ல வந்ததும் இதைத்தான்.

கிளம்பும் முன் கேட்டு வாங்கி வர வேண்டியவை சில உண்டு. எந்தப் பால் பவுடர், எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள். பழைய பால் புட்டியைக் கேளுங்கள், புது ரப்பரைப் பல குழந்தைகள் வாயில் வைக்காது. அவள் படுத்திருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் அப்படியே வாங்குங்கள். தடுப்பூசி அட்டை, ஒப்படைப்புக் கடிதம் இரண்டையும் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். முகச்சாடை ஒட்டாத குழந்தையோடு வேற்று மொழிக்காரர்கள் ரயிலில் போனால் ரயில்வே போலீஸ் விசாரிக்கும். எங்களிடமும் விசாரித்தார்கள். எனக்கு அதில் கோபமே வரவில்லை, எல்லாக் குழந்தையையும் அப்படி விசாரித்தால் நல்லது.

அவிநாசி வந்து சேர்ந்த முதல் வாரம் அவள் அழவே இல்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "நெம்ப சமத்துப் புள்ளைங்க" என்றார். டாக்டர் வேறு மாதிரி சொன்னார். அது சமத்து இல்லை, குழந்தை திகைத்துப் போயிருக்கிறது, அழ ஆரம்பித்தால் சந்தோஷப்படுங்கள் என்றார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, நான் குளிக்கப் போயிருந்தபோது வீறிட்டு அழுதாள். தலையில் சோப்போடு ஓடி வந்தேன். என்னைத் தேடித்தான் அழுகிறாள் என்று புரிந்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

தூரியில் போட்டால் விறைத்துக்கொள்வாள். என் மாமியார் வெள்ளைப் பருத்திச் சேலையில் ஆசை ஆசையாகக் கட்டிய தூரி அது. இல்லத்தில் வரிசையாகப் போட்ட இரும்புக் கட்டிலில் தூங்கிப் பழகியவளுக்கு ஆட்டம் பிடிக்கவில்லை. தரையில் பாய் போட்டு, அந்தப் பழைய துணியை விரித்து, பக்கத்தில் நான் படுத்தால் தூங்கினாள். தேங்காயெண்ணெய்க்குப் பதிலாகக் கடுகெண்ணெயே தேய்த்தோம். வீடெல்லாம் அந்த வாசம். வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவளுக்கு அதுதான் வீட்டு வாசம், பல வாரம் கழித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். யூனிட் தம்பியின் மனைவி சாயங்காலம் வந்து ஒடியாவில் பேசுவார், பாடுவார். அவர் குரல் கேட்டால் மகளின் தோள் இறங்கி, உடம்பு தளர்வது கண்ணுக்கே தெரியும்.

பால் கொடுப்பது, கழுவி விடுவது, தூங்க வைப்பது மூன்றையும் முதல் சில வாரங்கள் நானும் வீட்டுக்காரரும் மட்டும் செய்தோம். வேறு யார் கைக்கும் கொடுக்கவில்லை. இல்லத்தில் ஷிப்ட் மாறிமாறி ஆள் வருவார்கள். பசித்தால் வருவது இந்த இரண்டு முகம்தான் என்று குழந்தைக்குப் பதிய வேண்டும். நம்ம பக்கம் இதுதான் பெரிய சிரமம். குழந்தை வந்தது தெரிந்தால் சீரோடு வண்டி கட்டி வந்துவிடுவார்கள், பாசம்தான் காரணம். என் மாமியார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "நீ ஒண்ணும் பேசாத கண்ணு, வர்றவீங்களுக்கு நாஞ் சொல்லிக்கறேன். புள்ள முதல்ல உங்க ரெண்டு பேரையும் பாத்துப் பழகட்டும்" என்று வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பினார். வீட்டில் இப்படி ஒரு பெரியவர் துணை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள்.

அப்புறம், உங்களைப் பற்றி ஒன்று. பார்த்த நொடியில் பாசம் பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு முதலில் வந்தது பயமும் அசதியும்தான். வருடக்கணக்காக ஏங்கியது கைக்கு வந்த பிறகு எதற்கு இந்த மனச்சோர்வு என்று ராத்திரியில் யோசிப்பேன். பெற்றெடுத்த பெண்களுக்கு வருவது போலத் தத்தெடுத்தவர்களுக்கும் வரும் என்று டாக்டர் சொன்னபோது பெரிய ஆறுதலாக இருந்தது. வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பால் கலக்கிக் கொடுப்பதும் கழுவி விடுவதும் நடந்துகொண்டே இருக்கட்டும், பாசம் அதற்குள்ளேயே வளர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் வளர்ந்தது.

சொந்தபந்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேள்விகள் வரும். "சொந்தத்துக்குள்ளயே ஒண்ண எடுத்திருக்கலாமே", "நம்ம சாடை இல்லீங்களே" எல்லாம் வந்தது. குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். என் தம்பி தாய்மாமனாகச் சீர் செய்து மடியில் வைத்துக்கொண்டான். பந்தியில் ஒரு பெரியவர், "நாளைக்குப் பொண்ணு கேட்டு வந்தா என்ன கூட்டம்னுங்க சொல்லுவீங்க?" என்று சத்தமாகவே கேட்டார். கூட்டம் என்றால் எங்கள் பக்கம் குலம். மாமனார் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "எம்பட பேத்தி எங் கூட்டமுங்க. வேறென்னத்தச் சொல்றது?" என்றார். அவ்வளவுதான், பேச்சு ரசத்துக்குப் போய்விட்டது. சட்டமும் அதையே சொல்கிறது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை கொடுக்கிறார். ஆணை வந்தபின் அவள் எல்லா வகையிலும் உங்கள் மகள், சொத்து உட்பட. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர்தான் அப்பா அம்மா என்று வரும். ஆணையின் சான்றிட்ட நகல்களைக் கூடுதலாக வாங்கி வையுங்கள், ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கேட்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். சங்கடம் இருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழந்தையின் அறிக்கையில் அவள் எப்படி இல்லத்துக்கு வந்தாள் என்று இருக்கும். அதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை, என் அம்மாவுக்குக்கூட. பெரியவள் ஆனதும் முதலில் தெரிய வேண்டியது அவளுக்கு. ஆனால் தத்தெடுத்தது என்பதை ஒருநாளும் மறைக்கவில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே கதையாகச் சொல்ல ஆரம்பித்தோம். இப்போது எல்.கே.ஜி. போகிறாள். தூங்கும்போது ரயில் கதைதான் வேண்டும். விஜயவாடா, விசாகப்பட்டினம், விஜயநகரம், ராயகடா என்று வரிசையாக வர வேண்டும், ஒன்றை விட்டால் எழுந்து உட்கார்ந்து திருத்துவாள். 18 வயதானதும் தன் வேரைத் தேடிக் கேட்க அவளுக்கு விதிமுறைப்படி உரிமை உண்டு. பெற்றவர்கள் விவரம் ரகசியம் என்பதால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகக் கோப்பு முழுவதையும், அந்த ஆயாவோடு எடுத்த படத்தையும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். ஆயாவுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் இல்லத்தின் மூலமாக அவள் படம் ஒன்று அனுப்புகிறோம்.