படகோடு வந்த ஈபர்ப்பை நம்பலாமா?

கேள்வி: மலேசியாவின் லங்காவியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் ஜெர்மானியர். படகை ஆஸ்திரேலியக் கொடிக்கு மாற்றி, நான் வசிக்கும் ஃப்ரீமேன்டிலுக்குத் தனியாகவே ஓட்டி வர எண்ணம். ஆபத்து நேர்ந்தால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் ஈபர்ப் கருவியைத் தரகர் இலவசமாகத் தருகிறார். "பேட்டரி புதுசு, பச்சை விளக்கு எரிகிறது பாருங்கள்" என்கிறார். போதுமா?

பதில்: போதாது. காசு கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால்தான் அது இலவசம்.

ஈபர்ப் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் செய்தியில் உங்கள் பெயர் இருக்காது. இருப்பது 15 இலக்க அடையாளம் ஒன்று. அதற்குள்ளேயே நாட்டுக் குறியீடும் அடங்கியிருக்கும். உங்கள் கருவி அலறினால், 'யார் இது?' என்று மீட்பு மையம் தேடப்போவது ஜெர்மனியின் பதிவில். பழைய சொந்தக்காரருக்குப் போன் போகும். "படகை எப்போதோ விற்றுவிட்டேனே, நான் வீட்டில் அல்லவா இருக்கிறேன்" என்பார் அவர். இந்தக் குழப்பத்தில் கழியும் நேரம் உங்களுடையது.

ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம் இலவசமாகவே பதிவு செய்துகொடுக்கும். ஆனால் ஆஸ்திரேலியக் குறியீடு உள்ள கருவிக்கு மட்டும். குறியீட்டை மாற்றத் தயாரிப்பாளரின் முகவரிடம் அலைய வேண்டும். செயற்கைக்கோள்களை நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன, பதிவுப் படிவம் மட்டும் ஆளுக்கொன்று! கேட்டால், விதி அப்படி என்பார்கள். சரி, விடுங்கள். புதிதாகவே வாங்கிவிடுங்கள், ஜிபிஎஸ் உள்ளதாக.

'பேட்டரி புதுசு' என்ற பேச்சுக்கு வருகிறேன். துறைமுகத்துக்குத் துறைமுகம் இந்த வியாபாரம் நடக்கிறது. உறையைத் திறந்து ஏதோ ஒரு செல்லைப் போட்டு, பசை தடவி மூடி, புதுத் தேதி ஒட்டிவிடுவார்கள். திருகாணியின் தலையில் கீறல் இருக்கிறதா, ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் தெரிகிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். உறை ஒருமுறை பிரிந்தால் தண்ணீர் புகாது என்பதற்கு உத்தரவாதம் போயிற்று. பச்சை விளக்கு அந்த நிமிடத்துக்கு மட்டுமே சாட்சி. ஈபர்ப் 48 மணி நேரமாவது தொடர்ந்து ஒலிபரப்ப வேண்டும். அதைப் பச்சை விளக்கு சொல்லாது.

தனியாகப் போகிறவருக்கு ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. நீங்கள் கடலில் விழுந்தால் ஆட்டோபைலட்டுக்குத் தெரியாது. படகு போய்க்கொண்டே இருக்கும், ஈபர்ப்பும் அதோடு போகும். 'ஏஐஎஸ் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள்' என்று, நீங்கள் விழுந்த இடத்தை அருகிலுள்ள படகுகளின் திரையில் காட்டும் சிறு கருவியைக் கடைக்காரர் தலையில் கட்டுவார். அது சில மைல் தூரத்தில் இருக்கும் கப்பல்களுக்குத்தான் கேட்கும். துணைக்கு ஆள் இருந்தால் அருமையான பொருள். படகைத் திருப்பி வருவார். உங்கள் படகில் திரையைப் பார்க்கத்தான் யார்? கப்பல் நெரிசல் உள்ள மலாக்கா நீரிணையில் வேண்டுமானால் யாராவது கவனிக்கலாம். அதைத் தாண்டிவிட்டால் இல்லை. ஆகவே லைஃப் ஜாக்கெட்டில் ஒரு பி.எல்.பி. அவசியம்; ஈபர்ப்பைப் போலவே செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும், உடம்போடு வைத்துக்கொள்ளும் சிறு கருவி அது. அதை நீங்களேதான் இயக்க வேண்டும், ஆண்டெனா தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். விழாமல் இருக்கக் கயிற்றில் கொக்கி மாட்டிக்கொள்வது இதற்கெல்லாம் முந்தியது.

அப்போது இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 21 அன்று, தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், தென் இந்தியப் பெருங்கடலில் அவர் படகு புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி, எழ முடியவில்லை. பிரெஞ்சு மீன்வளக் கப்பலான ஓசிரிஸ் அவரை மீட்டபோது செப்டம்பர் 24. அதாவது மூன்று நாள். 48 மணி நேரக் கணக்கு இங்கே உதைக்கிறது, இல்லையா? அதனால் முதலில் ஈபர்ப்பை இயக்குங்கள், அது ஓய்ந்தபின் இயக்கப் பி.எல்.பி.யைக் கைவசம் வையுங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ஈபர்ப்பை அலமாரிக்குள் பூட்டாமல், படுத்த நிலையிலும் கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

பதிவில் அவசரத் தொடர்பாக, உங்கள் பயணத் திட்டம் கையில் உள்ளவரும் நள்ளிரவில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுப்பவருமான ஒருவரைக் கொடுங்கள்.