சூரியகாந்தி விதையைக் காயவைப்பது எப்படி?

கேள்வி: வீட்டில் வளர்த்த சூரியகாந்திப் பூவைப் பறித்து விதையை உதிர்த்து டப்பாவில் போட்டு வைத்தேன், ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெயிலில் போட்டிருக்க வேண்டுமா?

பதில்: வெயில் இருக்கட்டும், முதலில் பூ முற்றியிருந்ததா என்று பாருங்கள். பூவின் பின்பக்கம் பச்சை மாறி மஞ்சளாகி, பழுப்பேறத் தொடங்கியிருக்க வேண்டும், இதழெல்லாம் வாடி உதிர்ந்திருக்க வேண்டும், விதையும் கட்டைவிரலால் தேய்த்தாலே கழன்று வர வேண்டும். அதற்கு முன்னால் பறித்தால் பாதி, உள்ளே பருப்பில்லாத பதர்தான்.

ஒரு அடி தண்டோடு வெட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பூவைச் சுற்றி மெல்லிய துணியோ காகிதப் பையோ கட்டினால் உதிர்வதும் வீணாகாது, எலியும் அணிலும் சும்மா விடாது என்பதால் அது தேவையும்கூட. பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.

உதிர்த்த பிறகு இன்னும் சில நாள் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடுங்கள். நீங்கள் விட்டது இந்தக் கட்டத்தைத்தான். ஒன்றைக் கடித்துப் பாருங்கள், தோடு 'டக்'கென்று உடைந்து பருப்பும் மொறுமொறுவென்று இருந்தால் சரி, வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது.

விதைக்க எடுத்து வைப்பதை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் முளைக்காது. தின்பதற்கு என்றால் அப்புறம் வறுத்துக்கொள்ளலாம். எண்ணெய் நிறைந்த பருப்பு என்பதால் வெளியே கிடந்தால் சிக்கு வாடை வரும், காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.