கை உயர்வதற்கு முன்பே: உணவகப் பணியாளர் கேள்வி பதில்

பல ஆண்டுகள் சர்வராகவும் பின்னர் சூப்பர்வைசராகவும் பணியாற்றிய நம் பத்தியாளர், இந்த இதழில் உணவகப் பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: நான் சர்வராகச் சேர்ந்து 2 மாதங்கள் ஆகின்றன. ஆறு பேர் அமர்ந்திருக்கும் மேசைக்குத் தட்டுகளைக் கொண்டுபோகும்போது, யாருக்கு எது என்பது மறந்துவிடுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் "இது யாருக்கு?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவோ?

பதில்: குறை உங்கள் ஞாபகசக்தியில் இல்லை, நீங்கள் குறித்துக்கொள்ளும் முறையில்தான் இருக்கிறது. எந்த மேசையானாலும் வாசலுக்கு அருகில் உள்ள நாற்காலியை 1 என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் மற்ற நாற்காலிகளுக்கு எண் கொடுங்கள். உணவின் பெயருக்கு முன்னால் அந்த எண்ணை எழுதிவிட்டால், உங்களுக்குப் பதிலாக வேறொருவர் தட்டை எடுத்துப் போனாலும் அது உரியவர் முன்னால் போய்ச் சேரும். எழுதி முடித்ததும், விருந்தினர் சொன்ன அதே சொற்களில் ஆர்டரைத் திருப்பிச் சொல்லுங்கள். நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்டரைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்ன பணியாளர்களுக்குக் கூடுதல் டிப்ஸ் கிடைத்தது. தான் சொன்னது சரியாகக் காதில் வாங்கப்பட்டது என்ற நிம்மதியே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முடிந்த வேலையைவிடப் பாதியில் நிற்கும் வேலையே மனதில் அதிகம் தங்குகிறது என்று புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் எழுதினார். பணம் கட்டாத மேசைகளின் ஆர்டரைத் துல்லியமாக நினைவில் வைத்திருந்த சர்வர்கள், பணம் வந்ததும் அதை மறந்துவிட்டதைக் கவனித்ததில்தான் அந்த ஆராய்ச்சி தொடங்கியதாகச் சொல்வார்கள். தட்டுகளை வைத்து முடித்ததும் நம் மனமும் "வேலை ஆயிற்று" என்று அந்த மேசையைக் கைவிட்டுவிடுகிறது. இடையில் ஒருவர் கேட்ட இன்னொரு கரண்டியும், குழந்தைக்கு ஒரு சிறிய தட்டும் அப்போதுதான் தவறிப்போகின்றன. பில்லில் ஏறாத இந்தச் சின்னக் கோரிக்கைகளைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது முறை கேட்க நேர்ந்தால் அந்த விருந்தினருக்கு உணவின் சுவையே பாதி குறைந்துவிடும்.

கேள்வி: மேசைக்கு அடிக்கடி போய் "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்கும்படி முதலாளி சொல்கிறார். ஆனால் அப்படிக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எப்போதுதான் போவது?

பதில்: தட்டை வைத்தபின், இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்கள் என்ற நேரத்தில் ஒரு முறை போய்க் கேளுங்கள். உப்புக் கூடியதோ சூடு ஆறியதோ அப்போது தெரிந்தால்தான் சரிசெய்ய வழியுண்டு. தட்டு காலியான பிறகு கேட்பது வெறும் சம்பிரதாயம். அதன் பிறகு வாயால் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்கப் பழகுங்கள். மெனுவை மூடி மேசையில் வைத்துவிட்டவர் ஆர்டர் சொல்லத் தயாராகிவிட்டார். தட்டைச் சற்றே தள்ளி வைத்தவர் சாப்பிட்டு முடித்துவிட்டார். தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்ப்பவர் உங்களைத்தான் தேடுகிறார், அவருடைய கை உயர்வதற்கு முன்பே நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பேச்சு உச்சத்தில் இருக்கும்போதும், ஒருவர் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும்போதும் போகாமல் இருப்பதே நல்ல சேவை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வயதான தம்பதியின் மேசையில் தண்ணீர்க் குவளைகளை விளிம்புவரை நிரப்பி வைத்தேன். அந்த அம்மாவின் வலது கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அனுபவம் மிக்க சக பணியாளர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் வந்து அந்தக் குவளையை எடுத்துக்கொண்டு, பாதி மட்டும் நிரப்பிய கனமான வேறொரு குவளையை அவருடைய இடது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனார். அம்மா தண்ணீரைக் குடித்தபோது ஒரு சொட்டும் சிந்தவில்லை. தமக்காக ஒன்று செய்யப்பட்டது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான்.

கேள்வி: உணவில் வேர்க்கடலை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அவசரத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். நல்ல வேளையாக உண்மையிலேயே அதில் இல்லை. ஆனாலும் மனம் உறுத்துகிறது.

பதில்: உறுத்துவதே நல்லது. ஊகித்து "இல்லை" என்று சொல்வதைவிட ஆபத்தான பதில் நம் தொழிலில் வேறு கிடையாது. "சமையலறையில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்வதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய துணுக்கே போதும். சமைக்கும் சூட்டில் அது போய்விடும் என்று நம்பவும் முடியாது. அதே எண்ணெய், அதே அகப்பை, அதே வெட்டுப்பலகை வழியாகவும் அது உணவில் கலந்துவிடலாம். ஆகவே சீட்டில் பெரிதாக எழுதுங்கள், சமையல்காரரிடம் வாயாலும் சொல்லுங்கள், அந்தத் தட்டை மற்றவற்றோடு அடுக்காமல் தனியாக நீங்களே கொண்டுபோங்கள். மேலே தூவிய கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் திரும்ப வைப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகியவற்றோடு 2023 முதல் எள்ளையும் சேர்த்து, 9 பொருள்களை முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாக அமெரிக்கச் சட்டம் வகுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 இருக்கின்றன. நீங்கள் எந்த நாட்டில் பணிபுரிந்தாலும், உங்கள் மெனுவில் எந்த உணவில் இவற்றில் எது இருக்கிறது என்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யாருக்காவது உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ, மேலாளரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: சமையலறையில் தாமதமானால் திட்டு வாங்குவது நான்தான். தவறு என்னுடையது இல்லை என்று எப்படிப் புரியவைப்பது?

பதில்: புரியவைக்க முயலாதீர்கள். பசியோடு இருப்பவருக்கு யார் தவறு என்பது முக்கியமில்லை, எப்போது வரும் என்பதுதான் முக்கியம். நான் ஒரு முறை ஆர்டர் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்து மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது 25 நிமிடங்கள் ஓடிவிட்டன. அதன் பிறகும் பயத்தில் அந்த மேசைப் பக்கமே போகாமல் சமையலறைக் கதவோரம் ஒதுங்கி நின்றேன். அவர்களுக்குக் கோபம் வந்தது தாமதத்தால் அல்ல, நான் கண்ணில் படாமல் ஒளிந்ததால்தான் என்பது பிறகு புரிந்தது. தாமதம் தெரிந்த உடனேயே, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய், "மன்னிக்கவும், இன்னும் 10 நிமிடம் ஆகும்" என்று சொல்லுங்கள். சமையல்காரரிடம் கேட்டறிந்த நேரத்தையே சொல்லுங்கள். சமாதானத்துக்காக "இதோ வந்துவிட்டது" என்று சொன்னால் அடுத்த முறை உங்கள் சொல்லை நம்பமாட்டார்கள்.

கேள்வி: டிப்ஸ் தரமாட்டார் என்று தெரிந்தவரிடமும் அதே போல நடந்துகொள்ள வேண்டுமா?

பதில்: ஆம், அதே போலத்தான். பில்லை வைத்த பிறகு பக்கத்தில் நிற்காமல் இரண்டடி விலகிப் போங்கள், ஆனால் அவர் எழுந்திருக்கும்வரை அவருடைய குவளையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.