கிண்ணத்துக்குள் ஒரு பெட்டா

கேள்வி: பெட்டா மீன் ஒன்று வாங்கி 3 வாரம் ஆகிறது. மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், அதற்கு ஃபில்டரும் வேண்டாம், பெரிய தொட்டியும் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 2 லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றி, காலை மாலை வயிறு நிறைய உணவும் போடுகிறேன். ஆனாலும் அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. வால் ஓரம் கிழிந்துகொண்டே போகிறது. என்ன மருந்து ஊற்றலாம்? தனியாக இருப்பதால் ஏங்குகிறதோ? ஜோடிக்கு இன்னொன்று விடலாமா?

பதில்: மருந்து இப்போது வேண்டாம். ஜோடி எப்போதுமே வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கெட்டிருப்பது தண்ணீர்; மீன் அதில் கிடந்து அவதிப்படுகிறது. தினமும் கிண்ணத்தைக் கழுவி நிரப்புகிறவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அக்கறை முழுவதும் ஒரு தப்பான தகவலின் மேல் செலவாகிக்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

காற்றைக் குடிக்கும் மீன் என்பது உண்மைதான். பெட்டாவின் தலைக்குள், செவுளை ஒட்டி, மடிப்பு மடிப்பாக லேபிரிந்த் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்தால் அதிலிருக்கும் ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்ளும். தாய்லாந்தின் நெல் வயல்களும் சதுப்புகளும் மெதுவாக ஓடும் கால்வாய்களும்தான் இந்த மீனின் பூர்வீகம். வெயிலில் சூடேறித் தேங்கிக் கிடக்கும் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அந்த நேரத்தைத் தாண்டத்தான் இந்த உறுப்பு உதவுகிறது. வயல் தண்ணீருக்கு ஆழம் கம்மி, ஆனால் பரப்பு அதிகம். செடியும் பாசியும் மண்டிக் கிடக்கும். மீனுக்குப் பிடிக்காவிட்டால் நகர்ந்து போக இடம் உண்டு. உங்கள் கிண்ணத்தில் அது எங்கே போகும்?

உங்களிடம் சொல்லாமல் விட்ட பாதி இனிமேல்தான். பெட்டா மூச்சை மேலே வாங்கினாலும் கழிவைத் தண்ணீரில்தான் விடுகிறது, அதுவும் பெரும்பகுதி செவுள் வழியாக, அம்மோனியாவாக. மிச்ச உணவு அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறமில்லை, பளிங்கு மாதிரி தெளிந்த தண்ணீரிலும் அது செவுளையும் தோலையும் அரிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் ஒருவகை பாக்டீரியா குடியேறி அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இது அவ்வளவாகத் துன்பம் தராது. புதுத் தொட்டியில் இந்தக் குடியேற்றம் முழுமையாக நடக்கச் சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அழுக்கை வடிகட்டுவது ஃபில்டரின் சின்ன வேலை. இந்த பாக்டீரியாவுக்கு வீடாக இருப்பதுதான் பெரிய வேலை.

உங்கள் கிண்ணத்தில் அந்த வீடே இல்லை. தண்ணீரை மாற்றாவிட்டால் அம்மோனியா ஏறும். முழுவதையும் மாற்றினால் வெப்பமும் தண்ணீரின் தன்மையும் ஒரே நொடியில் தடாலென்று மாறும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது வேறு செவுளைச் சுடும். 2 லிட்டரில் எதைச் செய்தாலும் மீனுக்கு அடிதான். நீங்கள் இன்னும் கவனமாக மாற்றினாலும் இது தீராது.

சரி, என்ன செய்வது? 20 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று எடுங்கள். 10 லிட்டரிலும் சிலர் வளர்க்கிறார்கள். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பெரிய தொட்டிதான் எளிது, சின்னத் தப்பை அது மன்னிக்கும். உயரத்தைவிட நீளம் முக்கியம், மேலே வந்து போக வேண்டிய மீன் இது. மூடி கட்டாயம் வேண்டும், பெட்டா துள்ளி வெளியே விழும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே அது மூச்சு வாங்கக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வேகமாகத் தண்ணீரை அடிக்கும் ஃபில்டரில் அந்த நீள வாலைச் சுமந்துகொண்டு நீந்தியே மீன் களைத்துவிடும். தண்ணீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். அறையின் சூடு அதற்குக் கீழே இறங்குமானால் ஹீட்டர் அவசியம். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான், குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும். அப்புறம், விரலால் தடவினால் உறுத்தும் பிளாஸ்டிக் செடிகளைப் போடாதீர்கள், வால் கிழியும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற நிஜச் செடிகளுக்குப் பெரிய பராமரிப்பு வேண்டாம். மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் அகன்ற இலை இருந்தால் பெட்டா அதில் சாய்ந்து ஓய்வெடுக்கும். அது நோயில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டிச் சுருக்கிக்கொண்டு தரையில் கிடப்பதுதான் நோயின் அடையாளம்.

மீன் ஏற்கெனவே கையில் இருப்பதால் பாக்டீரியா வளரும்வரை காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளக்கும் டெஸ்ட் கிட் வாங்கி முதல் சில வாரம் தினமும் பாருங்கள். இரண்டில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், அதிகமாக இருந்தால் பாதி. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் திரவம் கலந்து, அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஊற்றுங்கள். நண்பர் யாராவது நோயில்லாத பழைய தொட்டி வைத்திருந்தால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி ஈரத்தோடு உங்கள் ஃபில்டரில் வையுங்கள். இதைவிட நல்ல பரிசு இப்போது உங்கள் மீனுக்கு இல்லை. அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். எல்லாம் நிலைத்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி மாற்றினால் சரி.

உணவுக்கு வருவோம். "வயிறு நிறைய" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. பெட்டாவின் வயிறு மிகச் சின்னது. பெட்டாவுக்கென்று வரும் சின்ன பெல்லட் வேளைக்கு 3 அல்லது 4, அவ்வளவுதான். வாரத்தில் ஒருநாள் பட்டினி போட்டாலும் கெடுதல் இல்லை. இயற்கையில் பூச்சியும் கொசுப்புழுவும் தின்னும் மீன், சோறும் பிஸ்கட் தூளும் அதற்கு ஆகாது. தின்னாமல் விழுந்ததை உடனே எடுத்துவிடுங்கள். கண்ணாடி அருகே விரல் வந்தாலே ஓடிவந்து ஆடும். பசி என்று எண்ணிவிடாதீர்கள், எப்போதும் அப்படித்தான் ஆடும்.

ஜோடி விஷயம். தாய்லாந்து மொழியில் இதன் பெயருக்கு "கடிக்கும் மீன்" என்றே பொருள். சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் ஒன்று குதறப்படும். பெண்ணை விட்டாலும், முட்டையிட்ட பிறகு ஆண் அதை விரட்டி விரட்டிக் கடிக்கும். உங்கள் மீனுக்குத் தனிமை ஒரு குறையே இல்லை. கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்துப் பகை என்று நாள் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது அதற்கு ஓயாத வேலை.

நான் முதன்முதலில் வைத்திருந்த நீலப் பெட்டாவும் இப்படித்தான் கிடந்தது, ஒரு பூ ஜாடியில். வால் ஓரம் கறுத்து, நுனி நூல் நூலாகத் தொங்கியது. தொட்டிக்கு மாற்றி மருந்து எதுவும் ஊற்றாமல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், கறுத்த ஓரத்துக்கு வெளியே நிறமே இல்லாமல், கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய விளிம்பு. புதுத் துடுப்பு அப்படித்தான் முளைக்கும், நிறம் பிறகுதான் ஏறும். உங்கள் மீனிலும் அதைத்தான் தேடுங்கள். அதற்குப் பதிலாகக் கிழிசல் உடம்பை நோக்கி ஏறினாலோ, ஓரம் சிவந்தாலோ, செதில்கள் சிலிர்த்து நின்றாலோ, தங்கத்தூள் தூவியது போல மேனி தெரிந்தாலோ, மீன் நோய் தெரிந்த மருத்துவரிடம் உடனே கேளுங்கள். பல மருந்துகள் ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும், அதனால் யூகத்தில் எதையும் ஊற்ற வேண்டாம்.

இப்போதைக்குத் தொட்டி வைக்க வசதி இல்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் மீனை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதாக இருந்தால், 3 வாரம் கழித்து அம்மோனியா அளவையும் வால் ஓரம் எப்படி இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.