மச்சான் ஃபோர்வீல் எடுத்துவிட்டார், நானும் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வயது 44. சுங்கை சிப்புட்டில் தாமான் வீடு. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, தினமும் போய் வருகிறேன். மனைவி தடிகா (பாலர்பள்ளி) ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 6,800 வெள்ளி வருகிறது. என் புரோட்டோன் சாகா காடிக்கு வயதாகிவிட்டது. மச்சான் போன வருடம் டீசலில் ஓடும் ஃபோர்வீல் (நான்கு சக்கர விசை வண்டி) எடுத்தார். எனக்கும் அதுபோல ஒன்று 140,000 வெள்ளிக்குச் சொல்கிறார்கள். முன்பணம் 14,000ஐ சேமநிதியின் ஃப்ளெக்சிபல் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்று நினைக்கிறேன். மீதிக்கு ஒன்பது வருடக் கடன், 3 விழுக்காடு. சலாக் உத்தாராவில் மாமனாரின் இரண்டு ஏக்கர் செம்பனைக்கு மாதம் இரண்டு தடவை போகவேண்டும். பெரிய வண்டி என்றால் குடும்பத்துக்குப் பாதுகாப்பும்தானே?

பதில்: வேண்டாம் தம்பி. காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 3 விழுக்காடு ஃப்ளாட் வட்டியா என்று முதலில் கேளுங்கள். ஃப்ளாட் என்றால், நீங்கள் கட்டிக்கட்டி கடன் குறைந்தாலும் வட்டி முதல்நாள் தொகைக்கேதான். 126,000க்கு ஒன்பது வருட வட்டி 34,020. மாதத் தவணை 1,482 வெள்ளி. குறையும் மீதத்துக்குப் போட்டுப் பார்த்தால் வட்டி ஐந்தரை விழுக்காட்டை ஒட்டி வரும். முன்பணம் எடுக்கப்போகும் சேமநிதி 2024க்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. அந்தப் பணத்தைப் பிடுங்கி, வருடா வருடம் மதிப்பு இறங்கும் இரும்பில் போடப்போகிறீர்கள்.

அடுத்து எண்ணெய். ஈப்போ போய்வர அறுபது கிலோமீட்டர், மற்ற ஓட்டமும் சேர்த்து மாதம் 1,800 என்று வைப்போம். ஃபோர்வீல் நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடித்தால் 180 லிட்டர். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது ஞாபகமிருக்கும். விலை ஏறும், இறங்கும். லிட்டர் மூன்று வெள்ளி என்றாலும் 540 ஆகிறது. 50,000 வெள்ளிச் சின்னக் காடிக்கு 108 லிட்டர் போதும். அரசாங்க மானியப் பெட்ரோலான புடி95இன் விலை 1.99இல் 215 வெள்ளி. அந்தக் காடிக்குச் சேமிப்பிலிருந்து 5,000 கட்டி, அதே வட்டியில் ஏழு வருடம் எடுத்தால் தவணை 648. ஒரு பக்கம் மாதம் 2,022, இன்னொரு பக்கம் 863. காப்புறுதி, டயர், சர்வீஸ் எதையும் நான் இன்னும் தொடவில்லை. சாகாவின் என்சிடியை, அதாவது இழப்பீடு கேட்காததற்குக் காப்புறுதியில் கிடைக்கும் கழிவை, புது வண்டிக்கு மாற்ற முடிந்தாலும் 140,000 வெள்ளி வண்டிக்குக் கழிவு போகக் கட்டுவதும் பெரிய தொகைதான்.

நான்கு சக்கர விசை விஷயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இந்த ரக வண்டிகள் பெரும்பாலானவற்றில் காய்ந்த தார் ரோட்டில் 4எச், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் கியர், போடக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டியிருப்பதால் கியர் இறுகிக்கொள்ளும். அதாவது ஈப்போ ரோட்டில் அதுவும் இரண்டு சக்கர வண்டிதான். பிரேக்குக்கும் அந்த 4எச்சால் ஒரு உதவியும் இல்லை.

பாதுகாப்பு என்றீர்கள். யாருக்கு? ஷோரூமுக்கு ஒரு வாளியைக் கொண்டு போங்கள். நீங்கள் ஸ்டீயரிங் முன் உட்காருங்கள், மனைவி வாளியை முன் பம்பர் அருகே வைத்து அடி அடியாக வண்டியை விட்டுத் தள்ளி நகர்த்தட்டும். எப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். விற்பனையாளர் சிரிப்பார், பரவாயில்லை. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த முன்பக்கம் நெஞ்சுக்கு மேல் நிற்கும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முன்பக்கமுள்ள காடி மோதுவதைவிடப் பாதசாரி சாக 45 விழுக்காடு அதிக வாய்ப்பு என்று கண்டார்கள். நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார் ஓட்டிகள். தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள், யார் மோட்டாரில், யார் நடந்து, யார் ஃபோர்வீலில் என்று. பாரிஸ்காரர்கள் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, வெளியூரிலிருந்து வரும் கனத்த வண்டிகளுக்கு நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ பார்க்கிங் கட்டணம் என்று முடிவு செய்தார்கள். வாக்களித்தவர்கள் குறைவுதான், ஆனாலும் நகரத்துத் தெருவில் அந்த வண்டி அடைக்கும் இடத்துக்கு விலை உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று, கோபிக்கக்கூடாது. நானும் லயத்தில் வளர்ந்தவன்தான். எங்கள் ரப்பர் தோட்டத்தில் லேண்ட்ரோவர் துரையிடம் மட்டும் இருந்தது. அது வரும் சத்தம் கேட்டால் மண்டோர் தொப்பியைக் கழற்றுவார், அப்பா பால்வாளி கட்டிய சைக்கிளை ஓரம் கட்டுவார், செம்மண் புழுதி அவர் மேலேயே படியும். ஃபோர்வீலில் ஏறி உட்கார்ந்தால் அந்தப் புழுதி அடங்கினாற்போல இருக்கும். அந்த ஆசை தப்பே இல்லை. ஆனால் அதற்கு ஒன்பது வருடம், மாதம் குறைந்தது 1,159 வெள்ளி கூடுதலாகக் கட்டவேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அந்தக் காசில் மூத்த பிள்ளை படிவம் ஆறு முடிப்பதற்குள் ஒரு நல்ல தொகை சேரும்.

சாகாவை முதலில் ஒரு நல்ல பட்டறையில் காட்டுங்கள். இன்னும் ஒரு வருடம் ஓடும் என்றால் ஓட்டுங்கள். தோட்டத்துக்கு என்றால், குலையை எப்படியும் குத்தகைக்காரர் லோரிதான் ஏற்றிப்போகும். உரமூட்டை இறக்கும் நாளில் மச்சானின் வண்டியைக் கேளுங்கள். டீசல் அடித்துக் கொடுங்கள், சேற்றைக் கழுவிக் கொடுங்கள். தவணையை அவர் கட்டட்டும்.